அம்மாவின் திதி எந்த நாள்? பஞ்சாங்கப் பெட்டியில் ஒரு வரி கூட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கோவைப் பதிப்பு, எல்லை தாண்டி இந்தப் பக்கம் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று சித்தூர் தாலுகாவின் தமிழ் ஊர்களுக்கும் வருகிறது. பேப்பரைப் பிரித்ததும் தலைப்புச் செய்திக்கு முன்னால் 'இன்றைய பஞ்சாங்கம்' பெட்டியைப் பார்க்கிறவர்கள் இங்கே நிறைய. ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் நிமிடம் பிசகாமல் போடுகிறீர்கள். திதிக்கு மட்டும் 'நவமி' என்று ஒரே சொல். எத்தனை மணிக்கு முடிகிறது, பின்னால் எந்தத் திதி வருகிறது என்பது இல்லை. அந்த ஒரு சொல்லை நம்பி, பெற்றவளுக்கு ஒரு நாள் முன்னேயோ பின்னேயோ இலை போடுகிற வீடுகள் உண்டு. திதி எழுதிக் கொடுக்கும் வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

அப்பாவின் திதி பெரும்பாலும் தவறுவதில்லை. அம்மா ஞாபகம் வைத்திருப்பார். மாமனார், மாமியார், கொழுந்தனார் என்று வீட்டில் யார் யாருக்கு எந்த மாதம் என்ன திதி என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கும். அவர் போன பிறகு அவருடைய திதியைச் சொல்லத்தான் ஆள் இருக்காது. பிள்ளைகள் கையில் மிஞ்சுவது இறப்புச் சான்றிதழ். அதில் ஆங்கிலத் தேதி இருக்கும், நேரம் இருக்காது. திதி கணக்குக்குத் தேதியைவிட நேரம்தான் முக்கியம்.

சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலக ஆகும் காலம் ஒரு திதி. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதால் ஒரு திதி சுமார் 19 மணி நேரத்திலும் முடியும், 26 மணி நேரமும் நீளும். தொடங்குவதும் முடிவதும் சூரிய உதயத்தைப் பார்த்து நடப்பதில்லை. நீங்கள் போடுவதோ உதயத்தின்போது இருக்கும் திதி. இதனால் இரண்டு விபரீதம். நீளமான திதி இரண்டு உதயத்தைத் தொட்டால், அடுத்தடுத்து இரண்டு நாளும் பெட்டியில் 'நவமி' என்று வரும். குட்டையான திதி ஓர் உதயத்துக்குப் பின் தொடங்கி மறு உதயத்துக்கு முன் முடிந்துவிட்டால், இன்று 'அஷ்டமி', நாளை 'தசமி' என்று வரும். நடுவில் நவமி என்று ஒன்று வந்துபோன சுவடே பெட்டியில் இருக்காது. அந்த மாதம் நவமியில் அம்மாவுக்குச் செய்யவேண்டியவர் பேப்பரை இரண்டு தடவை புரட்டிவிட்டு, அச்சுப் பிழை என்று நினைத்துக்கொள்கிறார்.

அடிக்கடி நடக்கும் தவறு வேறு. பெட்டியில் 'நவமி' என்று போட்டிருக்கும் நாளில், பஞ்சாங்கத்தில் நவமி காலை 9.40 வரைதான், பிறகு தசமி என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று 11 மணிக்கு ஒரு தாய் காலமாகிறார். அவருடைய திதி தசமி. பேப்பரைப் பார்த்து எழுதி வைத்தவர் நவமி என்று எழுதிவிடுவார். அது அப்படியே ஆண்டுக்காண்டு தொடரும்.

திதியைச் சரியாக எழுதி வைத்தவர்களும் நாள் குறிக்கும்போது சறுக்குவார்கள். சிராத்தத்துக்கு உதய காலத் திதி கணக்கில்லை. அபராண்ண வேளையில் நிற்கும் திதிதான் கணக்கு. பகலை ஐந்து பங்காக்கினால் நாலாவது பங்கு அபராண்ணம். உதயம் 6.20, பகல் சரியாக 12 மணி நேரம் என்றால், பிற்பகல் 1.32 முதல் 3.56 வரை. மேலே சொன்ன நாளில் 9.40க்குத் தொடங்கிய தசமி மறுநாள் காலை 10.15க்கு முடிகிறது என்றால், அபராண்ணத்தில் தசமி நிற்பது முதல் நாளில்தான். ஆனால் பேப்பர் மறுநாளைத்தான் 'தசமி' என்று காட்டும். அதைப் பார்த்துச் செய்கிறவர் ஒரு நாள் தள்ளிச் செய்கிறார். அவர் இலை போடும்போது ஏகாதசி நடந்துகொண்டிருக்கும். சில நாட்களில் இரண்டு நாளும் அபராண்ணத்தைத் தொடும், சில சமயம் இரண்டு நாளும் தொடாது. அந்தச் சிக்கலெல்லாம் வாசகருக்கு வேண்டாம் என்றுதான் பஞ்சாங்கக்காரர்கள் 'சிராத்த திதி' என்று தனியாக ஒரு பத்தி போடுகிறார்கள். நீங்களும் அதை அப்படியே எடுத்துப் போடலாம்.

நள்ளிரவுக்குப் பின் நடந்த மரணத்தில் குழப்பம் இன்னும் கூடும். 14-ந் தேதி அதிகாலை 2 மணிக்குப் போனவரைச் சான்றிதழ் 14 என்கிறது, வீட்டார் '13-ந் தேதி ராத்திரி' என்கிறார்கள். பஞ்சாங்க நாள் உதயத்தில் தொடங்கி மறு உதயத்தில் முடிவதால், பார்க்க வேண்டியது 13-ந் தேதித் தாளை. அதில் திதி 'இரவு 1.10 வரை' என்றிருந்தால், 2 மணிக்கு அடுத்த திதி வந்துவிட்டது. 14-ந் தேதித் தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு, அதன் தலையில் இருக்கும் திதியை எழுதிக்கொள்வது அரைகுறைக் கணக்கு. சில நாள் பொருந்தும், சில நாள் பொருந்தாது.

தாளைக் கிழித்து வைப்பது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தினசரி காலண்டரின் அந்த ஒரு தாள், உள்ளங்கை அகலம், பத்திரத்தைவிடப் பத்திரமாக வைக்க வேண்டியது. மேலே சிவப்பில் பெரிய எண், அதன் கீழே தமிழ் மாதமும் நாளும், அடியில் பொடி எழுத்தில் திதி, நட்சத்திரம், அவை முடியும் நேரம். பின்பக்கத்தில் மூச்சு நின்ற நேரத்தைப் பால்பாயின்ட் பேனாவால் எழுதி, நெகிழி உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு வைத்தால் போதும். படத்தின் பின்னால் பசை போட்டு ஒட்டினால் நாலைந்து வருடத்தில் பசை மஞ்சளேறி, பொடி எழுத்தை முதலில் தின்றுவிடும். மருத்துவமனையில் இறந்திருந்தால் அவர்கள் எழுதிக் கொடுக்கும் காகிதத்தில் நேரம் இருக்கும். சான்றிதழ் வாங்கியதும் அதைத் தூக்கிப் போட்டுவிடாமல் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

தாளும் இல்லை, நேரமும் இல்லை என்றால் பக்கத்து விசேஷத்தைக் கேட்போம். 'கார்த்திகை தீபத்துக்கு மூணாம் நாள்' என்றால் தேய்பிறைத் தொடக்கம். 'சிவராத்திரி அன்னிக்கு' என்றால் மாசித் தேய்பிறைச் சதுர்த்தசி. 'வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள்' என்றால் மார்கழி வளர்பிறைத் துவாதசிக்குப் பக்கம். 'பூசத்துக்கு முந்தின நாள்' என்றால் புனர்பூசம் என்று நட்சத்திரமே கிடைத்துவிடும். கிழமையும் சொன்னால் பழைய பஞ்சாங்கத்தில் ஒத்துப் பார்த்துவிடலாம். ஆண்டு மறந்தவர்கள்கூடக் கிழமையை மறப்பதில்லை என்பது வேடிக்கை.

இனி, இந்த எல்லைக்கே உரிய சிக்கலுக்கு வருகிறோம். தமிழ் வழக்கில் சூரிய மாதமும் அதில் வரும் பட்சமும் திதியும் சேர்ந்தால் நாள். மலையாள வழக்கில் சூரிய மாதமும் நட்சத்திரமும். இறந்த நட்சத்திரத்தில்தான் அவர்களுக்குச் சாத்தம். வடக்கே ஆந்திர எல்லையில் உள்ள சித்தூர், நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழர்களுக்கும் இதே மாதிரி ஒரு தொல்லை உண்டு: பக்கத்து வீட்டுத் தெலுங்கர்களுக்கும் திதிதான், ஆனால் மாதம் அமாவாசைக்கு மறுநாள் பிறக்கும் சாந்திரமான மாதம். எங்கள் பாலக்காட்டுப் பக்கம் கலப்புத் திருமணம் சாதாரணம். அம்மா பொள்ளாச்சிப் பக்கம், மருமகள் ஒற்றப்பாலம் என்று இருக்கும். ஒரே தாய்க்கு மகன் வீட்டில் ஒரு நாள், மகள் வீட்டில் ஒரு நாள். இதில் எது சரி, எது தப்பு என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இரண்டுக்கும் கணக்கு உண்டு. இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒரு நாளைப் பிடிப்பதுதான் தப்பு.

திதி ஆண்டுக்காண்டு ஆங்கிலத் தேதியில் எப்படி நகரும் என்பதற்கு மகாளய அமாவாசையைப் பாருங்கள். 2022-ல் செப்டம்பர் 25. 2023-ல் அக்டோபர் 14. 2024-ல் அக்டோபர் 2. 2025-ல் செப்டம்பர் 21. பதினோரு பன்னிரண்டு நாள் முன்னால் வரும், ஒரு வருடம் பத்தொன்பது நாள் பின்னால் தாவும். நட்சத்திரத்துக்கு ஓணமே சாட்சி: 2023-ல் ஆகஸ்ட் 29, 2024-ல் செப்டம்பர் 15, 2025-ல் செப்டம்பர் 5. ஆக, அம்மா இறந்த ஆங்கிலத் தேதியும் திதியும் மறு வருடமே பிரிந்துவிடும். 19 ஆண்டு கழித்து ஏறக்குறைய அதே தேதிக்குத் திரும்பும்.

இரண்டு வழக்கும் முட்டிக்கொண்ட வருடம் 2023. அந்த ஆடியில் இரண்டு அமாவாசை: ஜூலை 17, ஆகஸ்ட் 16. முதலாவது ஆடி முதல் தேதியிலேயே விழுந்தது. கேரளத்தில் கர்க்கடக வாவு, அதாவது அவர்களுடைய ஆடி அமாவாசை, ஜூலை 17-ல் நடந்தது. ஒரே மாதத்தில் ஒரு திதி இரு முறை வந்தால் பிந்தியதை எடுப்பது தமிழ்நாட்டில் பொது வழக்கம் என்பதால், அங்கே பெரும்பாலும் ஆகஸ்ட் 16. இங்கிருந்து கேரளத்துத் திருநாவாய்க்குப் போகிறவரும் பேரூர் நொய்யல் படித்துறைக்குப் போகிறவரும் ஒரே பஸ் ஸ்டாண்டில்தான் ஏறுகிறார்கள். அந்த வருடம் இருவருக்கும் நடுவே ஒரு மாதம். வருட திதியிலும் இது நடக்கும். 31, 32 நாள் உள்ள மாதங்களில் ஒன்றிரண்டு திதிகள் இரண்டு முறை வரும், 29 நாள் மார்கழியில் ஒரு திதி வராமலே போகலாம். வராமல் போன வருடம் வீட்டுப் புரோகிதரை ஒரு மாதம் முன்னாடியே கேட்டுவிடுவது நல்லது. மாதம் முடிந்த பிறகு வந்து கேட்டால் அவரும் என்ன செய்வார்?

மாதப் பிறப்பிலும் ஒரு நாள் வித்தியாசம் வரும். சங்கராந்தி சூரிய அஸ்தமனத்துக்குள் நடந்தால் தமிழ் மாதம் அன்றே பிறக்கும். மலையாளக் கணக்கில் அது பகலின் ஐந்தில் மூன்று பங்கு கழிவதற்குள் நடக்க வேண்டும். தாண்டினால் மறுநாள்தான் ஒன்றாம் தேதி. பிற்பகலில் சங்கராந்தி நடக்கும் மாதங்களில் தமிழில் ஆவணி 1, மலையாளத்தில் கர்க்கடகக் கடைசி நாள். மாதக் கடைசியில் இறந்தவர்களுக்கு இந்த ஒரு நாளே மாதத்தை மாற்றிவிடும். பழைய நோட்டுப் புத்தகத்தில் '1160 கும்பம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது கொல்லம் ஆண்டு. ஆங்கில ஆண்டுக்கு, சிங்கம் (நம் ஆவணி) முதல் டிசம்பர் முடிய 824-ம், ஜனவரி முதல் கர்க்கடகம் (நம் ஆடி) முடிய 825-ம் கூட்ட வேண்டும். கும்பம் நம் மாசி; ஆகவே 1985.

நாழிகைக் கணக்கில் போட்ட பஞ்சாங்கத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. '8-20' என்றால் உதயத்திலிருந்து 8 நாழிகை 20 விநாழிகை. நாழிகைக்கு 24 நிமிடம் வீதம் 3 மணி 20 நிமிடம். உதயம் 6.20 என்றால் 9.40. ஆனால் எந்த ஊர் உதயம்? பஞ்சாங்கம் எந்த ஊருக்குக் கணித்ததோ அந்த ஊருடையது. சென்னைக்கும் பாலக்காட்டுக்கும் தீர்க்கரேகைக் கணக்கிலேயே சுமார் 14 நிமிடம் வித்தியாசம். சென்னைப் பஞ்சாங்கத்து நாழிகையைப் பாலக்காட்டு உதயத்தோடு கூட்டினால் அந்த 14 நிமிடம் தப்பாகும். திதி முடியும் கணம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். கடிகார மணியில் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. எந்தக் கணித முறைப் பஞ்சாங்கம், வாக்கியமா திருக்கணிதமா என்பதையும் பெட்டியிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் சில நாட்களில் மணிக் கணக்கில் இடைவெளி விழும். அம்மா இறந்தபோது எதைப் பார்த்துத் திதி எழுதினார்களோ அதையே கடைசி வரை பார்க்க வேண்டும்.

துபாய், ஷார்ஜாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு: இந்திய நேரத்தில் ஒன்றரை மணி கழித்தால் அந்த ஊர் நேரம். சிங்கப்பூர் என்றால் இரண்டரை மணி கூட்ட வேண்டும். திதி முடியும் நேரத்தை அப்படி மாற்றிக்கொண்டு, அந்த ஊர் அபராண்ணத்தில் அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வளைகுடாவில் அநேகமாக நாள் மாறாது. அமெரிக்காவில் பல சமயம் மாறும்.

பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக. எள் கறுப்பெள்தான், ஈர விரலில் நாலு எள்ளைத் தேய்த்துப் பாருங்கள், விரல் கறுத்தால் சாயம் ஏற்றியது. வருட திதிக்கு ஒரு வீட்டுக்கு 50 கிராம் தாராளம். பவித்திரத்துக்கு மூன்று தர்ப்பைப் புல். சமையலில் வாழைக்காய், அவரை, புடலை, பாகல், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல். மிளகாய்க்குப் பதில் மிளகு, துவரைக்குப் பதில் பாசிப்பருப்பு. வெங்காயம், பூண்டு, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பெருங்காயம் சேர்ப்பதில்லை. படையல் மட்டும் போடுகிற வீடுகளில் இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது. அம்மாவுக்குப் பிடித்தது எதுவோ அது இலையில் இருந்தாக வேண்டும் என்பதே அங்கே சட்டம்.

மலையாள முறையில் பலியிடுகிறவர்களுக்கு (பிண்டம் வைப்பதை அவர்கள் பலி என்பார்கள்) உணக்கலரி என்ற பச்சரிசி, எள், துளசி, சந்தனம், செறூளை. முந்தின நாள் 'ஒரிக்கல்': ஒருவேளைதான் அரிசிச் சாப்பாடு. செறூளை எங்கே கிடைக்கும் என்று கேட்டு வருபவர்களுக்கு ஒரு செய்தி. பொங்கலுக்கு முந்தின நாள் நீங்கள் வீட்டுக் கூரையில் காப்புக் கட்டச் செருகும் பூளைப்பூதான் அது. வேலியோரம் மண்டிக் கிடக்கும், காசு கொடுக்க வேண்டியதில்லை. சோற்றை ஆறவைத்து உருட்டி வையுங்கள்; ஆவி பறக்கும் உருண்டையைக் காக்கை தொடாது. அம்மாவுக்குக் கோபம் என்று பயந்துகொள்ள வேண்டாம். நம்மவர்கள் 'கா கா' என்று கூப்பிடுவோம், அவர்கள் ஈரக்கையைத் தட்டிக் கூப்பிடுவார்கள். காக்கை இரண்டுக்கும் வருகிறது.

திதியன்று தீட்டு வந்துவிட்டால் தீட்டுக் கழிந்த அன்று செய்யலாம். மறந்தே போனால் அடுத்து வரும் தேய்பிறை ஏகாதசி, அல்லது அமாவாசை. திதியே தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை. சுமங்கலியாகப் போன தாய்க்கு மகாளய பட்சத்து நவமி தனியாக உண்டு. அவிதவா நவமி என்று பெயர். இதையும் வருடத்தில் ஒரு நாள் பெட்டியில் போட்டீர்களானால் பலருக்கு உதவும்.

தங்கள் நாளிதழில் வரும் நினைவு அஞ்சலி விளம்பரங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. தோற்றம், மறைவு என்று இரண்டு ஆங்கிலத் தேதி மட்டும் போடுகிறீர்கள். விளம்பரம் வாங்கும் படிவத்தில் மறைந்த நேரம், தமிழ் மாதம், பட்சம், திதி, நட்சத்திரம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்தத் துண்டைக் கத்தரித்து வைக்காத சொந்தக்காரர் கிடையாது. இருபது வருடம் கழித்து யாராவது ஓர் அத்தை வீட்டு அலமாரியில் அது கிடைக்கும். வரியொன்றுக்குக் கட்டணம் என்றால் இந்த வரிக்கு மட்டும் வாங்காதீர்கள்.

பெட்டிக்கு நாங்கள் கேட்பது இவ்வளவுதான். மாதிரிக்கு:

'புரட்டாசி / கன்னி (தமிழ், மலையாளத் தேதி இரண்டும்). தேய்பிறை நவமி காலை 9.40 வரை, பின் தசமி. புனர்பூசம் மாலை 4.05 வரை, பின் பூசம். சிராத்த திதி: தசமி. திருக்கணிதம்.'

இப்போது சூலம், பரிகாரம் போடும் இடத்திலேயே இது அடங்கும். இடம் போதாவிட்டால் ராசிபலனில் ஒரு வரி குறைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இங்கிருந்து யாரும் கடிதம் எழுத மாட்டார்கள்.

இப்படிக்கு,
திதி எழுதிக் கொடுக்கும் வாசகர்கள்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.